பனிக்கட்டிக்குள் துயிலும் மேக விஞ்ஞானி

1931-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி.

கிரீன்லாந்து தீவின் உட்பகுதி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே வெள்ளை. மரம் இல்லை. செடி இல்லை. ஒரு காக்கை, குருவி கூட இல்லை. அந்தப் பனிப் பாலைவனத்தில், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுடன் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒருவரைத் தேடி வந்தார்கள். ஆறு மாதமாக அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

வழியில் ஓர் இடத்தில் அவர்கள் நின்றார்கள். பனித் தரையில் இரண்டு நீண்ட பலகைகள் செங்குத்தாக நட்டு வைக்கப்பட்டிருந்தன. பனியில் சறுக்கிச் செல்வதற்காகக் காலில் கட்டிக்கொள்ளும் பலகைகள் அவை.

அந்த இடத்தைத் தோண்டினார்கள். கலைமான் தோல் ஒன்று தெரிந்தது. அதன் மேல், படுக்கைப் பையின் உறைகளில் வைத்துத் தைக்கப்பட்ட ஓர் உடல் கிடந்தது. முகம் அமைதியாக இருந்தது.

அவர்தான் ஆல்பிரட் வெகனர். ஜெர்மனி நாட்டின் புகழ்பெற்ற விஞ்ஞானி.

பூமியில் உள்ள கண்டங்கள் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல, மெல்ல மெல்ல நகர்பவை என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. அந்தக் கருத்தால்தான் அவர் பெயர் பாடப் புத்தகங்களில் இடம் பெற்றது. ஆனால் அவர் தொழில் அது அல்ல. காற்றையும் மேகத்தையும் அளப்பதுதான் அவருடைய தொழில். அந்தத் தொழிலுக்காகத்தான் அவர் உயிரையும் கொடுத்தார்.

காற்றை அளக்க ஒருவர் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்? அதுதான் இந்தக் கதை.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

வெகனர் 1880-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். பழைய மொழிகளைக் கற்பித்த ஆசிரியரும் கூட. ஐந்து குழந்தைகளில் வெகனர் கடைக்குட்டி.

கல்லூரியில் அவர் வான நூல் படித்தார். 1905-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆனால் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. நட்சத்திரத்தை விட்டுவிட்டு, தலைக்கு மேலே இருக்கும் காற்றைப் பிடித்துக்கொண்டார்.

பெர்லினுக்கு அருகே லிண்டன்பர்க் என்ற ஊரில் ஆகாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே அவர் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் குர்ட் வெகனரும் அங்கே வேலை பார்த்தார். 1906-ம் ஆண்டு ஏப்ரலில் அண்ணனும் தம்பியும் ஒரு பலூனில் ஏறிப் பறந்தார்கள். கடும் குளிரில் 52 மணி நேரம் தரையில் இறங்காமலே பறந்தார்கள். அதுவரை உலகில் வேறு யாரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பலூனில் பறந்தது இல்லை.

அந்த ஆண்டே இன்னொரு வாய்ப்பும் வந்தது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஒரு குழு கிரீன்லாந்துக்குப் புறப்பட்டது. அதில் வானிலை ஆராய்ச்சியாளராக வெகனர் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

பனி வெளியில் பட்டம் விட்டார்

கிரீன்லாந்து உலகிலேயே மிகப் பெரிய தீவு. அதன் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வடபகுதியில் பல வாரங்கள் சூரியனே உதிப்பதில்லை.

அந்த இருட்டிலும் குளிரிலும் வெகனர் என்ன செய்தார் தெரியுமா? பட்டம் விட்டார்!

நம் ஊர்ப் பிள்ளைகள் விடும் காகிதப் பட்டம் அல்ல அது. ஆள் உயரத்துக்குப் பெரிய பட்டம். நூலுக்குப் பதில் கம்பி. அந்தப் பட்டத்தில் ஒரு சிறு கருவி கட்டப்பட்டிருக்கும். கருவிக்குள் ஓர் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் முள் ஒன்று கோடு போடும். மேலே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம், காற்றின் அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் அந்தக் கோடே சொல்லிவிடும்.

காற்று குறைவாக இருந்தால் பட்டத்துக்குப் பதில் பலூனைக் கம்பியில் கட்டி மேலே அனுப்புவார். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட தடவை துருவ நாட்டு ஆகாயத்தை அவர் அளந்தார்.

மேலே போகப் போகக் குளிர் அதிகமாகும் என்பது பொது விதி. மலை மேல் ஏறியவர்களுக்கு அது தெரியும். துருவக் குளிர்காலத்தில் பல நாட்கள் இது தலைகீழாக இருக்கும்! தரையை ஒட்டிய காற்றுதான் கடும் குளிராக இருக்கும். அதற்கு மேலே இருக்கும் காற்று ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். தரையில் நின்று கருவியைப் பார்த்தால் இது தெரியாது. மேலே அனுப்பி அளந்தால்தான் தெரியும்.

அந்தப் பயணத்திலேயே அவர் சாவையும் கண்டார். குழுவின் தலைவரான மிலியுஸ் எரிக்சனும் மற்றும் இரண்டு பேரும் 1907-ல் பனியில் சிக்கி இறந்து போனார்கள். கிரீன்லாந்து கருணை காட்டாத இடம் என்பது வெகனருக்கு அன்றே புரிந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தை அவர் மறக்கவில்லை, வெறுக்கவும் இல்லை.

மேகத்துக்குள் ஒரு திருட்டு

ஊர் திரும்பிய வெகனர், மார்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஆகாயத்தின் வெப்பத்தைப் பற்றி 1911-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் மேகத்தைப் பற்றி ஓர் அரிய கருத்து இருந்தது.

மேகம் என்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத சிறு நீர்த்துளிகளின் கூட்டம். பூஜ்யம் டிகிரியில் தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகும் என்று படித்திருக்கிறோம். ஆனால் மேகத்தில் உள்ள நுண்ணிய துளிகள் அவ்வளவு எளிதில் உறைவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 10, 20 டிகிரி போனாலும் தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கும்.

பால் தானாகத் தயிராகுமா? உறை ஊற்ற வேண்டும் அல்லவா? அதுபோல இந்தத் துளிகளுக்கும் ஓர் உறை தேவை. காற்றில் மிதக்கும் மண் தூசு போன்ற நுண்ணிய துகள்களே அந்த உறை. இப்படிக் காற்றில் மிதப்பவற்றுக்கெல்லாம் இன்றைய விஞ்ஞானிகள் வைத்துள்ள பெயர் ஏரோசால். எல்லாத் தூசும் உறை ஆகிவிடாது. அதற்கு ஏற்ற தூசு மிகச் சிலவே. அந்தச் சிலவற்றின் மேல்தான் முதல் ஐஸ் துகள் பிறக்கும்.

ஒரு மேகத்தில் ஓர் ஐஸ் துகள் பிறந்துவிட்டால் என்ன ஆகும்? இதைத்தான் வெகனர் சொன்னார். பனிப் பூக்கள் படிவதை ஆராய்ந்தபோது அவருக்கு இது தோன்றியது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதில் தண்ணீரைவிட ஐஸ் கெட்டிக்காரன். ஆகவே ஐஸ் துகள் பக்கத்தில் உள்ள ஈரத்தை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நீர்த்துளிகள் ஆவியாகிச் சுருங்கிப் போகும். ஐஸ் துகளோ கொழுத்துக்கொண்டே போகும். பாரம் தாங்காமல் கீழே விழும். வழியில் உருகினால் மழை. உருகாவிட்டால் பனி.

நீர்த்துளியின் சொத்தை ஐஸ் துகள் திருடுகிறது! குளிர் நாடுகளில் பெய்யும் மழையில் பெரும்பகுதிக்கு இந்தத் திருட்டுதான் மூலம்.

பின்னாளில் சுவீடன் நாட்டு பெர்கரான், ஜெர்மனி நாட்டு பிண்டைசன் ஆகிய இரு விஞ்ஞானிகளும் இதை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டினார்கள். மூன்று பேரின் பெயராலும் இன்று இது வழங்குகிறது.

மீண்டும் கிரீன்லாந்து

1912-ல் வெகனர் இரண்டாம் முறையாகக் கிரீன்லாந்து சென்றார். இந்தத் தடவை மொத்தம் நான்கே பேர். தலைவர், டென்மார்க் நாட்டு கோக். ஐஸ்லாந்திலிருந்து 16 குதிரைக் குட்டைகளைக் கொண்டு போனார்கள். உட்பகுதிப் பனிக்கட்டியின் மேலேயே குடிசை போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அதற்கு முன் அங்கே யாரும் அப்படித் தங்கியது இல்லை.

கோக் பனிப் பிளவில் விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். வெகனருக்கு விலா எலும்பு முறிந்தது. அப்படியும் திரும்பவில்லை. 1913 வசந்த காலத்தில் தீவின் கிழக்கிலிருந்து மேற்குக்கு நடந்தே கடந்தார்கள். குதிரைகள் ஒவ்வொன்றாகப் போயின. உணவு தீர்ந்தது. கடைசியில் கூட வந்த நாயையும் கொன்று தின்னும் நிலை வந்தது. அந்த நேரத்தில், தொலைவில் உள்ள தம் சபையாரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பாதிரியார் தற்செயலாக அவர்களைக் கண்டு காப்பாற்றினார்.

ஊர் வந்த வெகனர் திருமணம் செய்துகொண்டார். மணமகள் எல்சே. புகழ்பெற்ற வானிலை விஞ்ஞானி கோப்பனின் மகள். அவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வெகனர் போர்முனைக்குப் போனார். இரண்டு தடவை காயம் பட்டார். சிகிச்சைக்காகக் கிடைத்த ஓய்வு நாட்களில் கண்டங்கள் நகர்வதைப் பற்றிய புத்தகத்தை எழுதினார். அது 1915-ல் வெளிவந்தது. இந்தியா ஒரு காலத்தில் தெற்கே ஆப்பிரிக்காவோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டியிருந்தது. பிறகு வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியதால் இமயமலை எழுந்தது. இன்று நம் பிள்ளைகள் படிக்கும் இந்தச் செய்திக்கு வழிகாட்டியவர் அவரே. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை நிலநூல் அறிஞர்கள் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். 1960-களில்தான் கண்டங்கள் நகர்வதை உலகம் ஒப்புக்கொண்டது. அதைக் கேட்க அவர் இல்லை.

ஓர் ஆண்டு முழுவதும்

1924-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. நல்ல சம்பளம். அன்பான குடும்பம். வயதும் ஐம்பதை நெருங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் இருந்திருப்பார்கள்.

வெகனருக்கு ஒரு குறை இருந்தது. கிரீன்லாந்தின் நடு உச்சியில் காற்று எப்படி இருக்கிறது? கோடையில் சில நாள் போய்ப் பார்த்தால் போதாது. ஓர் ஆண்டு முழுவதும், ஒரு நாள் விடாமல் அங்கேயே இருந்து அளக்க வேண்டும். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனாலும் கணக்கு ஓட்டையாகிவிடும். போன குளிர்காலத்தைத் திரும்ப அழைத்து அளக்க முடியுமா?

1930-ல் பெரிய குழுவுடன் புறப்பட்டார். மேற்குக் கரையில் ஒரு நிலையம். கிழக்குக் கரையில் ஒரு நிலையம். தீவின் நடுவில், 3,000 மீட்டர் உயரத்தில், மேற்கு ஓரத்திலிருந்து 400 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு நிலையம். அதற்கு ஐஸ்மிட்டே என்று பெயர். பனியின் நடு என்று பொருள்.

ஆனால் ஆரம்பமே சோதனை! கடலில் உறைந்த பனி உருக நாளாகிவிட்டது. 38 நாட்கள் வீணாயின. விசிறி பொருத்திய மோட்டார் சறுக்கு வண்டிகளும் கைகொடுக்கவில்லை. நடு நிலையத்தில் கியார்கி, சோர்கே என்ற இரு விஞ்ஞானிகள் மட்டும் இருந்தார்கள். குளிர்காலத்துக்குப் போதிய எண்ணெய் அவர்களிடம் இல்லை. அக்டோபர் 20-ந் தேதிக்குள் எண்ணெய் வராவிட்டால் நிலையத்தை விட்டுவிட்டு நடந்தே வந்துவிடுவோம் என்று அவர்கள் கடிதம் அனுப்பினார்கள்.

அந்தக் குளிரில் நடந்தால் அவர்கள் உயிர் தப்புவது கடினம். நிலையத்தைக் கைவிட்டால் ஆராய்ச்சியும் பாழ். வெகனர் தாமே புறப்பட்டார்.

நாற்பது நாள் பயணம்

செப்டம்பர் பிற்பகுதி. 15 வண்டிகள். கூட வந்தவர்கள் லோவே என்ற விஞ்ஞானியும், கிரீன்லாந்துவாசிகள் 13 பேரும். காற்று சுழன்று அடித்தது. குளிர் ஏறிக்கொண்டே போனது. கிரீன்லாந்துவாசிகள் 12 பேர் பாதியில் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பனியை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

ஒருவர் மட்டும் திரும்பவில்லை. அவர் பெயர் ராஸ்முஸ் வில்லும்சென். இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்.

வண்டிகள் குறைந்ததால் சாமான்களை வழியிலேயே இறக்கிவிட வேண்டியதாயிற்று. 40 நாள் கழித்து, அக்டோபர் 30-ந் தேதி, மூவரும் நடு நிலையத்தை அடைந்தார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டியிருந்தது. லோவேயின் கால் விரல்கள் உறைந்து மரத்துப் போயிருந்தன. மயக்க மருந்து இல்லாமல், பேனாக் கத்தியால்தான் அவற்றை வெட்டி எடுத்தார்கள்.

எண்ணெய் கொண்டுவர முடியவில்லையே என்ற வருத்தத்துடன் வந்த வெகனருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. கியார்கியும் சோர்கேயும் வெளியேறவில்லை! பனியைக் குடைந்து குகை அமைத்திருந்தார்கள். அதற்குள் சிறிது எண்ணெய் கொண்டே குளிர்காலத்தைத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டுத் தங்கிவிட்டார்கள். அளவு எடுக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் ஐந்து பேருக்கு உணவு போதாது. லோவேயால் நடக்க முடியாது. ஆகவே வெகனரும் ராஸ்முசும் திரும்பிப் போவது என்று முடிவாயிற்று.

நவம்பர் 1-ந் தேதி. அன்று வெகனருக்கு 50 வயது நிறைந்தது. இரண்டு வண்டிகள், 17 நாய்களுடன் இருவரும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அதன் பிறகு அவர்களை உயிரோடு யாரும் பார்க்கவில்லை.

நடு நிலையத்தில் ரேடியோ கிடையாது. வெகனர் கரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நடு நிலையத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். வெகனர் நடு நிலையத்திலேயே தங்கிவிட்டார் என்று கரையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். மாதக்கணக்கில் இரு தரப்பும் நிம்மதியாக இருந்தார்கள். வசந்தம் வந்து, கரையிலிருந்து வண்டிகள் நடு நிலையத்தை அடைந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஏறத்தாழ பாதி வழியில் வெகனரின் உடல் கிடைத்தது. உடலில் பெரிய குளிர்க் காயம் எதுவும் இல்லை. மிகுந்த உழைப்பால் இதயம் நின்றுபோயிருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

தலைவரின் உடலைத் தோலின் மேல் கிடத்தி, உறையில் வைத்துத் தைத்து, அடையாளத்துக்குப் பலகை நட்டு, மரியாதையுடன் அடக்கம் செய்தவர் ராஸ்முஸ்தான். தன்னந்தனியாக அந்தக் குளிரில் அவ்வளவையும் செய்திருக்கிறார்! பிறகு அவர் மேற்கு நோக்கிப் போயிருக்கிறார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. வெகனரின் நாட்குறிப்பும் அவரோடு போய்விட்டது.

வெகனரின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டாம், பனியிலேயே இருக்கட்டும் என்று எல்சே விரும்பினார். அங்கே சிலுவை நட்டார்கள். பனி மேலும் மேலும் பெய்து, கல்லறை பனிக்கட்டிக்குள் ஆழப் புதைந்துவிட்டது. அண்ணன் குர்ட் வந்து தலைமை ஏற்று வேலையை முடித்தார். நடு நிலையத்தின் கணக்கு ஓட்டையில்லாமல் நிறைவேறியது.

இன்றும் நடக்கும் வேலை

இத்தனை பாடுபட்டு அளந்ததால் என்ன பயன்?

மேகம் மூடிய இரவில் நமக்குப் புழுக்கமாக இருக்கிறது. வானம் தெளிந்த மார்கழி இரவில் குளிர் நடுக்குகிறது. காரணம், மேகம் ஒரு போர்வை. தரையின் சூட்டை அது வெளியே விடாது. பகலில் அதே மேகம் குடையாகவும் இருந்து வெயிலைத் தடுக்கும். துருவத்தில் தரையே வெண்மையாக இருந்து வெயிலைத் திருப்பி விடுவதால், ஆண்டின் பெரும்பகுதியில் குடையைவிடப் போர்வை வேலையே அங்கு ஓங்கி நிற்கிறது.

அந்தப் போர்வை கம்பளியா, மெல்லிய துண்டா? மேகத்தில் நீர்த்துளிகள் மிகுந்திருந்தால் கம்பளி. ஐஸ் துகள்கள் திருடித் தின்று கீழே விழுந்துவிட்டால் மெல்லிய துண்டு. அதை முடிவு செய்வது வெகனர் சொன்ன அந்தத் திருட்டும், அதற்கு உறையாக அமையும் தூசும்தான்.

வடதுருவப் பகுதி 1979-க்குப் பிறகு உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வந்திருக்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகின் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். ஆகவே துருவ மேகத்தின் கணக்கு, கடலோரத்தில் வாழும் எல்லோருக்கும் வேண்டிய கணக்கு.

1980-ல் ஜெர்மனியின் பிரேமர்ஹாபன் நகரில் துருவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு வெகனரின் பெயரையே வைத்தார்கள். அதைக் காண எல்சே உயிரோடு இருந்தார். 1992-ல் தம் நூறாவது வயதில்தான் அவர் காலமானார்.

அந்த நிலையத்தின் போலார்ஸ்டெர்ன் என்ற கப்பல் 2019 செப்டம்பரில் வடதுருவக் கடலுக்குச் சென்று, வேண்டுமென்றே பனியில் உறைந்து நின்றது. பனியோடு மிதந்தபடி விஞ்ஞானிகள் ஓர் ஆண்டு முழுவதும் காற்றையும் மேகத்தையும் தூசையும் அளந்தார்கள். 2020 அக்டோபரில் கப்பல் ஊர் திரும்பியது. ஓர் ஆண்டு, விடாமல்! வெகனர் கேட்டதும் அதைத்தானே?

ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நியூ ஆலசுண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கேயும் வெகனர் பெயர் தாங்கிய நிலையத்தார் பலூன் விடுகிறார்கள். லேசர் ஒளியை மேகத்தின் மேல் பாய்ச்சுகிறார்கள். உருண்டையான நீர்த்துளி ஒரு விதமாகவும், கோணலான ஐஸ் துகள் வேறு விதமாகவும் ஒளியைத் திருப்பி அனுப்பும். அதைக் கொண்டு மேகத்துக்குள் இருப்பது தண்ணீரா, ஐஸா என்று தரையில் இருந்தே சொல்லிவிடுகிறார்கள். அதே ஊரில் 2008-ல் இந்தியாவும் ஹிமாத்ரி என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. காற்றில் மிதக்கும் தூசை நம் நாட்டு விஞ்ஞானிகளும் அங்கே அளக்கிறார்கள்.

கருவிகள் மாறிவிட்டன. பட்டத்தின் கம்பியை இழுத்த கை இன்று இல்லை. ஆனால் கேள்வி அதுவேதான்.

விஞ்ஞானி வெகனரின் பெயர் உலகம் முழுவதும் தெரியும். ராஸ்முசின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் அளப்பதற்காகப் போனார். மற்றவர் அவரைத் தனியே விடக் கூடாது என்று போனார். இருவரும் அதே பனிக்குள் துயில்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, அந்தக் குளிர்ந்த ஆகாயத்தில், ஐஸ் துகள்கள் இன்றும் நீர்த்துளிகளிடம் திருடிக்கொண்டுதான் இருக்கின்றன.